பன்னிரண்டு தசம் ஆறு

சூரிச்சிலிருந்து செல்வஜோதி அண்ணை சொன்னது இவ்வளவுதான்:
கறுத்த வயரை முதல் கழட்டு,
மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் ஏத்து.

மல்லாவியில், தகரக் கொட்டிலுக்குள்
பொனட்டில் கோழி முட்டையிடும் நிசான் சன்னியை
நான் ஓட்டினதில்லை. லைசென்ஸ் இல்லை.
பற்றரி மட்டும் என் தையல் மெசினுக்குப் பக்கத்தில்,
பலகைத் துண்டின் மேல்,
கூரைச் சோலரோடு.
முனைகளில் பூக்கிற வெள்ளையைச்
சுடுதண்ணி ஊற்றித் துடைப்பேன்.
மீற்றர் பன்னிரண்டு தசம் ஆறு காட்டும்.
கலண்டர் கட்டத்தில் எழுதிவிடுவேன்.

மார்கழி மழையில் மூன்று நாள் கரண்டில்லை.
தை பிறந்தால் பள்ளிக்கூடம்;
இருபத்தேழு வெள்ளைச் சட்டைகள்
பொத்தான் இல்லாமல் கிடந்தன.
ஒரு பல்பைக் கொழுவினேன்.
இரண்டாம் இரவும் கொழுவினேன்.
விடியப் பார்க்க,
பதினொன்று தசம் எட்டு.
வெயிலைக் காணவில்லை.
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

ஆடியில் வந்தார்.
சிவப்பு, பிறகு கறுப்பு, முறுக்கிப் பூட்டினார்.
திறப்பைத் திருப்ப
ஒருமுறை இருமிப் பிடித்தது.
கோழி கத்திக்கொண்டு வேலி தாண்டியது.
"கெட்டிக்காரியடி நீ."

பழைய கலண்டர் சுவரில்தான் தொங்கியது.
அவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.
நான்தான்
அந்தக் கட்டத்தின் முன்னால் போய் நின்றேன்.