கதவு திறந்த லாரி

மைனஸ் முப்பத்தொன்று என்கிறது வாசலில் இருக்கும் மானி.
மோரோன் நகரத்து ஆஸ்பத்திரியில் இந்த இரவு
ஆய்வகத்தில் நான் ஒருத்தி,
குளிர்பெட்டி ஒன்று.
தன்னைவிட வெளியே குளிர் அதிகம் என்று தெரியாமல்
அது முனகிக்கொண்டிருக்கிறது.

ஆறாம் கட்டிலில் லுவ்சன்தாஷ்.
பெருவயிறு, மகோதரம், எப்படி அழைத்தாலும்
பெல்ட்டின் கடைசித் துளைக்கும் அடங்காத நீர்.
இருபது குளிர்காலம்
ஹோவ்ஸ்கோல் ஏரியின் உறைந்த முதுகில்
டீசல் லாரி ஓட்டியவர்.

கல்லீரல் எப்படிக் கெட்டது என்று கேட்டால்
ஒரு நாள் வோட்கா என்பார்.
மறுநாள்,
பள்ளிக்கூட வரிசையில் எல்லோருக்கும் குத்திய ஒரே ஊசி என்பார்.
என் குழாயில் பி வைரஸ் இருந்தது,
அதன் முதுகில் ஏறிவந்த டி வைரஸும் இருந்தது.
வோட்காவை அளக்க என்னிடம் ஒன்றுமில்லை.

மாலையிலிருந்து ஆள் சரியில்லை.
காய்ச்சல் கிடையாது. வலி கிடையாது.
மனைவியை அக்கா என்று கூப்பிடுகிறார், அவ்வளவுதான்.
அந்த ஒரு சொல்லுக்காக
டாக்டர் சிம்கே இரண்டு மணிக்குப் படியிறங்கி வந்தாள்,
கைக்குள் இளஞ்சூடாக ரத்தம்.

"வயிற்றில் ஊசி இறக்கிப் பார்ப்பதுதான் முறை.
பழைய ஆபரேஷன் தழும்பு, ஒட்டிய குடல்,
ஸ்கேன் இல்லாமல் குத்த முடியாது.
அந்த அறைச் சாவியோ பனியில் மாட்டிக்கொண்டது.
விடியும்வரை இந்த ரத்தம் என்ன சொல்லும், நன்சல்மா?"

ஒன்றுமில்லை என்றது ரத்தம்.
வெள்ளணு நாலாயிரம். சமர்த்துப் பிள்ளை.
வீங்கிய மண்ணீரல் விழுங்கியவை கணக்கில் வராது.
சி-ரியாக்டிவ் புரதம் பதினெட்டு.
இந்த ஊரில் ஒரு சளிக்கே அவ்வளவு ஏறும்.

ஆனால் அந்தப் புரதத்தைச் செய்வது யார்?
கல்லீரல்.
வீடு எரிகிறது என்று கத்த வேண்டியவன்
எரியும் வீட்டுக்குள்ளேயே
தொண்டை கட்டிக் கிடக்கிறான்.
பதினெட்டு என்பது அமைதியா,
அவனால் முடிந்த கூச்சலே அவ்வளவுதானா?

புரோகால்சிட்டோனின் பெட்டியில் மூன்று மிச்சம்.
அடுத்த மாதம் காலாவதி.
மேலதிகாரி கையெழுத்தில்லாமல் தொடக்கூடாது.
தொட்டேன்.
கிருமி நுழைந்தால் உடம்பின் பல மூலைகளும் இதைச் செய்யும்,
கல்லீரலை மட்டும் நம்பியதல்ல
என்று எங்கோ படித்திருந்தேன்.
இயந்திரம் இருபது நிமிடம் கேட்டது.
தேநீரில் உப்புப் போட்டேன்.
மறந்துபோய் மறுபடியும் போட்டேன்.

இரண்டு புள்ளி எட்டு.

அது தீர்ப்பில்லை.
நுரையீரலாக இருக்கலாம், சிறுநீர்ப்பாதையாக இருக்கலாம்,
சிறுநீரகம் சோர்ந்தாலும் கொஞ்சம் ஏறும்.
எங்கே என்று சொல்லத் தெரியாத எண்.
உள்ளே யாரோ நடக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிற எண்.
சிம்கே இரண்டாம் முறை கேட்கவில்லை.
மருந்தைக் கலந்தாள்,
சில்லிட்ட ஆல்புமின் புட்டியை அக்குளில் இடுக்கி
மாடிப்படி முழுக்கச் சூடாக்கிக்கொண்டே போனாள்.

விடிந்தது. சாவி வந்தது. ஊசி இறங்கியது.
தயிர்த்தெளிவு போலக் கலங்கிய நீர்.
நுண்ணோக்கியில் கண், எண்ணும் கருவியில் கட்டைவிரல்,
இருநூற்றைம்பதைத் தாண்டினால் தொற்று.
அறுநூற்றுப் பன்னிரண்டு வரை தட்டினேன்.

மூன்றாம் நாள் மனைவியை யஞ்ச்மா என்றார்.
அவள் அழுதாள், பிறகு
கம்பளிக் காலுறை தொலைந்ததற்குத் திட்டினாள்.
ரத்தம் எடுக்கப் போனபோது என்னிடம் சொன்னார்:
"ஏரியில் போகும்போது லாரிக் கதவைச் சாத்த மாட்டோம்.
உடைந்தால் குதிக்க வேண்டுமே.
படபடவென்று வெடிக்கும் பனியில் தைரியமாகப் போவேன்.
பேசாமல் இருக்கும் பாரு,
அதைத்தான் நம்ப மாட்டேன்."

கல்லீரல் திருந்தவில்லை. நீர் மறுபடி ஊறும்.
பெட்டியில் இரண்டு மிச்சம்.
கையெழுத்தில்லாமல் எடுத்த ஒன்றுக்கு
விளக்கம் கேட்டுக் காகிதம் வந்திருக்கிறது.
'பனி பேசவில்லை' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
'அவசரம்' என்று எழுதினேன்.