நான்காவது பொத்தான்

பீன்யா, இரண்டாம் கட்டம்.
கீழே லேத் பட்டறை, மேலே நாங்கள்.
சுவர் முழுக்கக் கடல் ஓடுகிறது
ஆறு திரைகளில்.
குழாயில் தண்ணீர் இல்லை.
டேங்கர்காரருக்கு ஐந்தாம் முறையாக
போன் போட்டுக்கொண்டிருக்கிறார் பூவய்யா.

என் வேலை எளிது.
ரேடார் ஒரு புள்ளியைக் காட்டும்,
இயந்திரம் தடுமாறினால்
நான் அதற்குப் பெயர் சொல்ல வேண்டும்.
படகு. அலை. பறவைக் கூட்டம். தெரியாது.
நான் சொல்லச் சொல்ல அது கற்கும்.
கற்றபின் கரைக்கோபுரங்களில் போய் உட்காரும்,
கண் அசராது, டீ கேட்காது,
ஆடி மாத இரவிலும்
மரப்படகு வேறு, அலையின் முதுகு வேறு என்று
பிரித்துச் சொல்லும்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இரும்புக் கப்பல் சுலபம்.
பெயர், கொடி, புறப்பட்ட துறைமுகம்
எல்லாவற்றையும் தானே கூவிக்கொண்டு போகும்,
தேர்தல் ஜீப் மாதிரி.
மரம்தான் கஷ்டம்.
கூப்பிட்டால் மரம் பதில் சொல்லாது,
முனகும்.

இந்த வாரம் சோதனை ஓட்டம்.
நிஜக் கடல், நிஜ நேரம்.
இரண்டு பத்துக்கு ஒரு புள்ளியின்
டிரான்ஸ்பாண்டர் அணைந்தது.
அணைத்தார்கள்.
பிறகு மூன்றரை மணி நேரம்
ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி.

இயந்திரம் சிவப்பில் கேட்டது: சந்தேகமா?

குல்கர்ணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.
"ஆமாம்னு போடுங்க ஜெரால்டா.
தப்பாச் சிவப்பு போட்டா ரோந்துப் படகுக்கு டீசல் செலவு.
தப்பாப் பச்சை போட்டா..."
மீதியைச் சொல்லவில்லை.
அவர் மும்பைக்காரர்.
அந்த நவம்பரில் அவருக்குப் பதினாறு வயது.

தம்பி வியானியும் அணைப்பான்.
கேட்டால் சிரிப்பான்:
"மீன் கெடக்குற எடத்த
எவனாவது மைக் வச்சுச் சொல்லுவானா?"
சிரிப்பு நின்றது ஒரு முறைதான்.
துப்பாக்கிகளுக்கு நடுவே
பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்து,
ஐஸ் உருகி, பாடு மொத்தமும் அழுகி,
கரைக்கு வந்த அன்று.

ஆனால்
வேறெதையோ ஏற்றி வருகிறவனும்
இதே பொத்தானைத்தான் அணைப்பான்.
இருட்டில் இரண்டு ரகம் கிடையாது.

வேகம் பார்த்தேன்.
மணிக்கு இரண்டரைக் கடல்மைல்.
வலை இழுக்கிற வேகம்.
வலை இழுப்பதுபோல் நடிக்கிற வேகமும்
அதுதான்.

'தெரியாது' அழுத்தினேன்.
வாரத்துக்கு நூற்றுக்கு இரண்டுதான் அனுமதி,
இது எனக்கு மூன்றாவது.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
முதலில் வயர்லெஸ்ஸில் கூப்பிடுங்கள்.
அவர்கள் மொழியில்.
பிறகு விளக்கோடு போங்கள்.

"இதை மெஷினுக்கு எப்படிச் சொல்லித் தர்றது?"
என்றார் குல்கர்ணி.
கோபமில்லை, நிஜமாகவே கேட்டார்.
எனக்கும் தெரியவில்லை.
நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
இரண்டு பேரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது இன்னொரு சுற்று போனது.

கீழே டேங்கர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
"எத்தனை ஆயிரம் லிட்டர்?" என்று
ஜன்னல் வழியே கத்துகிறார் பூவய்யா.
வயர்லெஸ்ஸில் இன்னும்
யாரும் எடுக்கவில்லை.