இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

முரோரானில் இறங்கியபோது பனி
கல்லுப்பு மாதிரி காலடியில் நொறுங்கியது.
உள்பையில் ஐம்பதாயிரம் யென்.
தோளில் இரண்டு பக்கமும் அட்டை வைத்த பை,
தட்டு வளையாமல் வீடு வந்து சேர.

எழுபத்து மூன்று, பிப்ரவரி.
இரும்பாலைத் தொழிலாளர் மன்றத்தில்
ஒரே ஒரு ராத்திரி பதிவானது.
குழுவின் பெயர் புகைபோக்கி.
முந்நூறு தட்டு அடித்தார்கள்,
நூற்றுச் சொச்சம் விற்றது,
மீதி, பனி உருகிய ஒரு வசந்தத்தில்
யாருடைய கொட்டகையிலோ ஊறிப்போனது.
பதினாறு வருஷத் தேடல்.
என்னிடம் இருந்தது நகலின் நகலான கேசட்,
பாட்டைவிட இரைச்சல் அதிகம்.
அதற்கே பைத்தியமானவன் நான்.

இவாதாதே கதவைத் திறந்தார்.
வயது எழுபத்தாறு. கிரேன் ஓட்டிய தோள்கள்,
ஒன்று மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்து.
அடுப்பில் கெண்டி, மேஜையில் தட்டு.
உறையில் நான்கு பேர், முகமெல்லாம் முடி,
சக்குராபாவின் கிதார் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.
விலையை அவர் பேசவில்லை.
"இரண்டாம் பக்கத்தைப் போடட்டுமா?
சங்கு வரைக்கும்தான் எப்போதும் கேட்பேன்.
அதற்கு மேல் நான் அங்கே இல்லையே."

ஊசி விழுந்தால் கேட்கும் என்போம், அமைதியை.
இங்கே ஊசி விழுந்த பிறகுதான் எல்லாம்:
கூடத்தின் இருமல்,
நாற்காலி ஒன்று இழுபடுவது,
ஆம்ப்ளிபையரின் உறுமல்.
பின்வரிசையில் எவனோ "கேக்கலடா!" என்று கத்துகிறான்.
பதிலுக்கு ஒரே ஒரு கோர்டு.
அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

ஏழாவது நிமிஷத்தில் சங்கு.
ஆலைச் சங்கு!
கேசட்டில் அதைக் கிதார் என்றே நம்பியிருந்தேன்.
அந்த நீண்ட ஒற்றை ஸ்வரத்தைப் பற்றி
எத்தனை பேரிடம் அளந்திருப்பேன்.
இவாதாதே விரலைத் தூக்கினார்:
"இங்கேதான் எழுந்தேன்."
பூட்ஸ் சத்தம். நூறு பேராவது இருக்கும்.
இரவு ஷிப்டுக்குப் போகும் பாதிக் கூடம்
இடது ஸ்பீக்கரிலிருந்து வலதுக்கு நடந்து
வெளியே போனது.

வழக்கமாக ஊசியைத் தூக்கும் கை
முழங்காலில் கிடந்தது.

அப்புறம் அந்தக் கடைசிப் பாட்டு.
தாளம் தறிகெட்டு ஓடும்,
சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும்,
கிதார் மூச்சிரைத்துப் பின்னால் வரும்.
வெறி என்பேன். சாமி இறங்கிய கை என்பேன்.
தொகாஷி, டிரம்ஸ், வயது இருபத்து மூன்று.
அதன்பின் வேறெந்தத் தட்டிலும் அவர் இல்லை.

இவாதாதேக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முதலில் மூக்கால்,
பிறகு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு.
"அவனுக்கும் அன்றைக்கு நைட் ஷிப்ட்.
என் கிரேனுக்குக் கீழேதான் நிற்பான்.
அந்த மாசம் ஏற்கெனவே
இரண்டு தடவை சம்பளம் பிடித்திருந்தார்கள்.
முக்கால் மணி தாமதமாக வந்தான்,
தலையிலிருந்து ஆவி பறக்க.
பாட்டை அம்போவென்று விட்டுட்டா வந்தே என்றேன்.
முடிச்சுட்டுத்தான் வந்தேன் என்றான்.
பொய் என்றே
இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்."

கைதட்டல் வந்தது, எண்ணிவிடலாம் போல மெலிசாக.
எண்ணினோம்.
நான் பதினாலு பேர் என்றேன்.
அவர் பதினொன்று என்றார்.

கெண்டி கொதித்துக் கொதித்து வற்றியது.
ஐந்தரை ரயில் போயிருக்கும்.
பணம் உள்பையிலேயே இருந்தது.

மறுபடி ஊசியை எடுத்தார்,
பழுத்த இரும்பை நாற்பது வருஷம்
ஆட்களின் தலைக்கு மேல் நகர்த்தியவர்.
துளி நடுக்கமில்லை.
சங்குக்கு ஒரு மயிரிழை முன்னால்
இறக்கினார்.