காய்ச்சல் நாளுக்கான புத்தகம்

ரிமூஸ்கியில் ஆறு உறைந்துவிட்ட வாரம்.
வகுப்பு வாசலில் பதினெட்டு ஜோடி பூட்ஸ்
தத்தம் அடியில் சின்னச் சின்னக் குளம் கட்டிக்கொண்டிருந்தன.

நல்லது என்று நினைத்துத்தான் எடுத்துவந்தேன்.
அட்டையில் ஒரு கரடி,
அதன் மடியில் வாத்துக்குஞ்சு.
இரண்டாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்
என்றார் நூலகர்.

வட்டமாக உட்காரவைத்து
படம் தெரியப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து
கரடிக்கு அடித்தொண்டையில் ஒரு குரல்,
குஞ்சுக்கு மூக்கால் ஒன்று.
கரடி தன் ரோமத்தைப் பிய்த்து
குஞ்சுக்குப் படுக்கை போடும் பக்கத்தில்
என் குரலே தழுதழுத்துவிட்டது.

நிமிர்ந்தால்
பதினேழு தலைகளும் திரும்பியிருந்தன,
புத்தகத்தை விட்டுவிட்டு
ஃப்ளாவியின் பக்கம்.

அவள் சாக்ஸில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.
பெருவிரல் எட்டிப் பார்க்கும்வரை பிரித்தாள்.

லோயிக் கேட்டான், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லாமல்:
"உன் நிஜ அம்மா எங்கே?"
"தேவாலயத் தெருவில், பல் மருத்துவமனையில்.
நாலரைக்கு வருவாள்."

"நிஜ" என்ற சொல்லைத் திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் திருத்தியாகிவிட்டது.

இடைவேளை. எல்லாரும் பனிக்கோட்டுக்குள் புகுந்து ஓட
இவள் மட்டும் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள்.
குனிந்து இழுத்துவிட்டேன்.
காதோடு காதாக அல்ல,
மதியம் என்ன சாப்பாடு என்பதுபோலக் கேட்டாள்:
"வாத்து அம்மாவுக்கு ஏன் ஒரு பக்கம்கூட இல்லை?
முட்டை எங்கிருந்து வந்தது?"

பிறகு, கையுறையைப் பல்லால் இழுத்தபடி,
"நல்ல புத்தகம்தான்.
எனக்குக் காய்ச்சல் வரும் நாளில் படியுங்கள்.
நான் வீட்டில் இருப்பேன்.
அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்."

மேசை இழுப்பறையில்
வெள்ளிக்கிழமைக்கென்று நகலெடுத்துவைத்த
பதினெட்டுக் குடும்ப மரங்கள்.
ஒற்றைத் தண்டு, இந்தப் பக்கம் ஒரு கிளை, அந்தப் பக்கம் ஒரு கிளை,
பெயர் எழுதப் பெட்டிகள்.
வெள்ளிக்கிழமை பின்பக்கத்தில்
கழித்தல் கணக்குப் போட்டோம்.

மார்ச்சில் அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது.
சொன்ன சொல் தவறாமல் படித்தேன்.
இந்த முறை குரல் மாற்றவில்லை.
பார்க்க வேறு இடமில்லாமல்
பதினேழு பேரும் கரடியைப் பார்த்தார்கள்.

கடைசிப் பக்கத்தில் லோயிக் கை தூக்கினான்:
"முட்டை எங்கிருந்து வந்தது?"

தெரியவில்லை என்றேன்.
புத்தகத்தை வாங்கி
அட்டையிலிருந்து ஆரம்பித்து
மறுபடி தேடத் தொடங்கினான்.