துறைக் கணக்கு

ஹிண்டலோபனில் என் துறையில்
இருநூற்றுப் பன்னிரண்டு படகுகள்.
ஜூலையில் ஒரு ஞாயிறு,
தென்மேற்கிலிருந்து அளவான காற்று,
பாய் விரிக்க இதைவிட நல்ல நாள் வராது.
வாயிலைத் தாண்டி ஏரிக்குள் போனவை
பத்தொன்பது.
அதிலும் மூன்று, பாயைச் சுருட்டியபடியே
மோட்டாரில் போய் மோட்டாரில் திரும்பின.

சொன்னால் யாருக்கும் பிடிக்காது.
அதனால் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

மற்றவர்கள் வராமல் இல்லை.
வருகிறார்கள். தளத்தைக் கழுவுகிறார்கள்.
பித்தளையில் முகம் தெரியும்வரை துடைக்கிறார்கள்.
ஒருவர், வீட்டில் சண்டை என்றால் இங்கே வந்து தூங்குவார்.
பல் மருத்துவர் ஒருவர்
வானொலியில் வானிலை அறிக்கை முழுவதையும் கேட்டு
தலையாட்டிவிட்டு
சூப் சூடாக்குவார்.

வீபா தன் படகை விற்க முடிவெடுத்தது ஓர் ஏப்ரலில்.
முப்பத்தோரடி. பெயர் மோர்கன்.
எங்கள் பேச்சில் அது காலை; அதுவே நாளை.
எந்தப் பொருளில் வைத்தார் என்று நான் கேட்டதில்லை.

வாங்க வந்தவர்கள் ஸ்வோலாவிலிருந்து.
டௌவா பஸ் ஓட்டுகிறவன்.
முழந்தாளிட்டு, அடிப்பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டான்,
தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி.
ரின்ஸ்கா பாய்ப் பையைத் திறந்து முகர்ந்தாள்.
துணி மொரமொரத்தது,
மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.
"புதுசா?"
"பதினோரு வருஷம்" என்றார் வீபா.
பெருமையாகத் தொடங்கிய குரல்
பாதியில் இறங்கிவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள்.
"எத்தனை முறை போயிருப்பார்?"

வீபா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார்.
அது கட்டியேதான் இருந்தது.

"ஒன்பது" என்றேன்.

துறை வாடகை, காப்பீடு, வண்ணம், குளிர்காலக் கொட்டகை:
ஒரு பயணத்துக்கு என்ன விலை என்று
டௌவா உதடசைத்து வகுத்துப் பார்த்தான்.
அந்தக் காசுக்கு ஒவ்வொரு முறையும்
விமானத்தில் எங்காவது வெயிலுக்குப் போய் வந்திருக்கலாம்.

"ஆனால் சனிக்கிழமை தவறாமல் வந்தார்" என்றேன்.
இதை யாரும் கேட்கவில்லை.
"ஒன்பதில் ஒன்று, செப்டம்பர் இரவு. மகள் மட்டும் கூட.
விடியும்போது திரும்பினார்கள்,
தலையெல்லாம் நனைந்து, இருவரும் ஒன்றும் பேசாமல்,
சிரிப்பை மட்டும் அடக்க முடியாமல்."

வீபா நிமிர்ந்தார்.
"அது எட்டாவது."

வாங்கிவிட்டார்கள். வாங்குவார்கள் என்று தெரியும்.
வாராவாரம் வருவோம் என்றான் டௌவா.
எல்லோரும் சொல்வது அது.
எல்லோருக்கும் ஆட்டும் தலையை ஆட்டினேன்.

முதல் கோடை பதினான்கு.
அடுத்தது ஐந்து: ரின்ஸ்காவின் முழங்கால்,
புதுச் சமையலறை, யாருடைய கல்யாணமோ.
மூன்றாவதில் மழை. மழை விட்டால் புயல்,
புயல் விட்டால் இலைகூட அசையவில்லை.
ஒன்று.
ஆகஸ்டில் ஒருநாள் டௌவா
தளத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.
கப்பலே கவிழ்ந்தாலும் அப்படி உட்காரக்கூடாது.
கவிழ்வதற்கு முதலில் அது கிளம்ப வேண்டுமே.

வீபா இப்போதும் சனிக்கிழமை வருகிறார்.
எதிர் பெஞ்சில் காபியோடு உட்கார்ந்து
மோர்கனைப் பார்த்துவிட்டுப் போகிறார்.
வாடகை இல்லை. கழுவவும் வேண்டாம்.
இளைத்திருக்கிறார், முகம் தெளிந்திருக்கிறது.

அக்டோபரில் படகுகளைக் கரையேற்ற வேண்டும்.
சாவிகள் என்னிடம்.
ஒவ்வொன்றையும் கிரேனடி வரை ஓட்டுவேன்,
முந்நூறு மீட்டர். ஏப்ரலில் மறுபடி முந்நூறு.
கூட்டிப் பார்த்தால்
இந்த வருஷம் மோர்கனில் அதிகம் போனது நான்.
சொந்தமாக எனக்கு ஒரு துடுப்புகூடக் கிடையாது.

போன செவ்வாய் பின்காற்று. துறையில் யாரும் இல்லை.
முன்பாயை மட்டும், ஒரு ஜன்னல் அளவுக்கு, விரித்தேன்.
மோட்டாரை அணைத்தேன்.
துணி ஒருமுறை படபடத்து
பிறகு நிறைந்தது.
அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்
இத்தனை வருஷமாக எனக்கு மோட்டாருக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

நிறுத்த மறந்து
கிரேனடி டயரில் நன்றாகவே இடித்தேன்.
பென்சில் எங்கோ விழுந்து உருண்டது.