இரவு பத்து மணிக் கட்டம்

டெர்பியில், மரண விசாரணை மன்றத்தில்,
காகிதக் குவளையில் தண்ணீர் வைத்திருந்தார்கள்.
என் பெயரை மூன்று விதமாக முயன்றுவிட்டு
"நர்ஸ்" என்று சுருக்கிக்கொண்டார் வழக்கறிஞர்.

பியூலா தங்கதுரை. மாவுக்கட்டு அறை.
பதினான்கு வருடமாக
முறிந்த மணிக்கட்டுகளில் ஈரத்துணி சுற்றுகிறவள்.
அந்த ஏப்ரலில் என் அறையைப் பூட்டி
தொண்ணூறு நிமிடம் பயிற்சி தந்து
தீவிர சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.
இதையும் சொன்னேன்.
"பயிற்சிக்குப் பிறகு வருவோம்" என்றார்.
பிறகு வரவில்லை.

திரையில் டெரெக் ஹாலமின் மருந்துத் தாள்.
இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி.
காலைக் கட்டத்தில் யாரோ கிறுக்கிய கையெழுத்து.
இரவு பத்து மணிக் கட்டம் வெள்ளை.
சுவரளவு பெரிதாக்கினால்
எந்த வெள்ளையும் குற்றம் மாதிரிதான் தெரிகிறது.
நான்காம் நாள் அவர் நுரையீரலில்
உறைந்த இரத்தம் வந்து அடைத்தது.

"எழுதாதது நடக்காதது.
உங்கள் படிப்பில் முதல் பாடம் இல்லையா அது?"
ஆமாம்.

முந்தின நாள் மருத்துவமனை வக்கீல்
டீ வாங்கிக்கொடுத்துச் சொல்லித்தந்திருந்தார்:
"வழக்கப்படி கொடுத்திருப்பேன்.
அவ்வளவு சொன்னால் போதும்.
இழப்பீடு என்று வந்தால் நாங்கள் கட்டுவோம்,
உங்கள் சம்பளத்தில் ஒரு பென்னி போகாது."
என் பெயர்? என்றேன்.
பெயர் வேறு விஷயம் என்றார்.
நல்ல மனிதர், சர்க்கரை எத்தனை என்று கேட்டவர்.

ஆனால் எது வழக்கம்?
ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ், அது வழக்கம்.
அன்று எனக்கு நான்கு கட்டில்,
குப்புறக் கிடத்திய நான்கு முதுகுகள்,
ஒன்று அடங்குமுன் ஒன்று அலறும் நான்கு இயந்திரங்கள்.
தாளைத் தொட்டால் கையுறை மாற்றவேண்டும்.
கையுறையை எண்ணித் தந்தார்கள்.
ஆகவே ஏப்ரனில் எழுதினேன், மார்க்கர் பேனாவால்,
வேகத்துக்காகத் தமிழில்:
டெ. ஊசி 10.
விடிந்ததும் தாளில் ஏற்றிவிடலாம் என்று.
விடிந்ததும் கழற்றி ஆரஞ்சுப் பையில் திணித்தேன்.
பை உலைக்குப் போனது.

இதைச் சொன்னபோது மன்றம் கொஞ்சம் அசைந்தது.
"அப்படியானால் கொடுத்தீர்கள்?"

எழுதியது ஞாபகம் இருக்கிறது.
எந்த இரவு என்பது இல்லை.
பதினொரு இரவும் ஒரே பிளாஸ்டிக்கில் வெட்டியவை.
இன்னொன்றும் உண்டு:
டெ. ஊசி 10.
அதில் வினைச்சொல் கிடையாது.
போட்டேன் என்றா, போடவேண்டும் என்றா?
முற்று இல்லை.
எச்சம் மட்டும்தான், அதையும் எரித்தாயிற்று.

முன்வரிசையில் அவர் மகள், லின்சி.
தன் வாக்குமூலத்தில் என்னைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள்:
கடைசி அழைப்பில் டேப்லெட்டைப் பிடித்திருந்த நர்ஸின் கட்டைவிரல்
அப்பா முகத்தில் பாதியை மறைத்தது.
அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.
கை நடுங்கியதால் இறுக்கிப் பிடித்தேன்.
அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"நர்ஸ், கேள்வி புரிந்ததா?"
"புரிந்தது."
"கொடுத்தீர்களா?"
"தெரியாது."

எங்கள் வக்கீல் பேனாவை மூடினார்.
லின்சி தன்னுடையதைத் திறந்தாள்.
அந்த ஒரு சொல்லை எழுத
அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

தீர்ப்பு எட்டு வாரத்தில் தபாலில் வரும் என்றார்கள்.
வெளியே தூறல்.
காரின் துடைப்பானுக்கு அடியில் மஞ்சள் உறை:
அனுமதித்த நேரத்துக்கு மேல் பதினோரு நிமிடம்.
பார்த்த நேரம், மறுபடி பார்த்த நேரம்,
வண்டி எண், நிறம், சக்கரம் நின்ற கோணம்,
எழுதியவரின் எண், கையெழுத்து.

நனைந்துகொண்டே இரண்டு முறை படித்தேன்.
ஒரு கட்டம்கூடக் காலியில்லை.