அளவுக்கு ஓர் ஆள்

டொரன்டோ, குயீன் வீதி. டிராம் நிறுத்தத்துக்கு எதிரே
மடக்கு நாற்காலி, முழங்காலில் பலகை.
ஒக்டோபர் கடைசி. தண்ணீர் உறையாமலிருக்கக்
கிண்ணத்தில் ஒரு மூடி வொட்கா.
தூரிகை மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறது.

பெயர் பழைய நகர மண்டபம். உள்ளே வழக்குகள்.
மணற்கல்லுக்குக் காவியோடு கொஞ்சம் ஊதா.
செம்புக் கூரையில் மழை ஏற்றிவைத்த அந்தப் பச்சை
எந்தக் குழாயிலும் இல்லை;
மூன்றைக் குழப்பி, இரண்டு தாளை வீணாக்கிப் பிடித்தேன்.

படம் கேட்டவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், மக்ஆலிஸ்டர்.
டிராம் கம்பி வேண்டாம் என்றார்.
சாரம் வேண்டாம். குப்பைத்தொட்டி வேண்டாம்.
கோபுர மணிக்கூட்டில் பத்து மணி இருக்கட்டும்,
"அப்போதுதான் என் நாள் தொடங்கும்."
சரி.
நீர்வண்ணத்தில் வெள்ளை பூசுவதில்லை,
வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விடவேண்டும்.
ஜன்னல் விளிம்பு, படியின் முனை, மணிக்கூட்டின் முகம்:
மூன்று நாள் தொடாமலே வேலை செய்தேன்.

நாலாம் நாள் ஒரு பெடியன் பின்னால் வந்து நின்றான்.
கோட்டின் தோள் இரண்டும்
அவனுக்கு அப்பால் போய் முடிந்தன.
கையில் ஒரு கடிதம்,
மடித்து மடித்துத் துணியாகிவிட்டது.
"அக்கா தமிழோ?"
கிண்ணத்தை முகர்ந்தான். சிரித்தான்.
"எனக்கு ரெண்டு மணிக்கு. என்னையும் கீறுவீங்களோ?"

என்ன வழக்கென்று நான் கேட்கவில்லை.
தூரிகை நுனியில் கிடந்த சாம்பலை
மூன்றாம் படியில் ஒரு சொட்டு விட்டேன்.
ஈரத்தில் அது தானாகவே தோள் விரித்தது,
கோட்டுக்குப் போதுமான தோள்.
"தலை?"
காயட்டும் தம்பி. இப்ப வைச்சால் கழுத்து ஓடிப்போகும்.

அண்ணாந்து பார்த்தான்.
கோபுரத்தில் ஒன்று ஐம்பது. என் தாளில் பத்து.
"உங்கட மணிக்கூட்டில கனக்க நேரம் கிடக்கு."
படியேறிப் போனான்.

தலை வைத்து முடித்தபின்னும் இருந்தேன்.
கதவு திறக்கத் திறக்க யார் யாரோ வந்தார்கள்,
அந்தத் தோள் வரவில்லை.
அந்தக் கட்டடத்துக்கு வேறு கதவுகளும் உண்டு.
ஐந்து மணிக்கு விரல் மரத்துப்போய்ப் பலகையைக் கட்டினேன்.
மிச்சத் தண்ணீரை ஒரு மரத்துக்கு ஊற்றினேன்.

மக்ஆலிஸ்டர் நெற்றிக் கண்ணாடியை இறக்கினார்.
கூரையின் பச்சையை மெச்சினார்.
விரல் படியில் வந்து நின்றது: இது?

ஆள் வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.
"அளவுக்கு," என்றேன்.
"ஆள் நிற்காவிட்டால்
கட்டடம் எவ்வளவு பெரிசென்று தெரியாது."
கட்டடம் வரைகிற எல்லாரும் சொல்லுகிற பதில்தான்.

தலையாட்டினார். காசோலைப் புத்தகத்தைத் திறந்தார்.
என் பெயரின் எழுத்துகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.
பிறகு, நிமிராமல்,
"கோட்டு இரவல்," என்றார்.